அனுமதிக்கப்பட்ட சேவை

கல்லூரிப் பெண்கள் பொதுவாழ்க்கைக்கு வருவதில் யாருக்கும் மறுப்பில்லை, அதற்குச் 'சேவை' என்று பெயர் இருக்கும்வரை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்கலாம். ஏழு நாள் முகாமில் தெருக் கூட்டலாம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். அப்பாக்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கிறார்கள். 1969இல் தொடங்கிய அத்திட்டத்தின் முழக்கத்துக்கு 'நானல்ல, நீ' என்று பொருள். பையன்களுக்கு அது புதிய பாடமாக இருக்கலாம். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?

சேவையை நான் இகழவில்லை. அது எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு முகாமில் எங்கள் மாணவிகள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஊருக்குள் தினமும் குழாயில் தண்ணீர். காலனியில் மூன்று நாளைக்கு ஒருமுறை. நிறைவு விழாவில் அதை வாசிக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. "அரசியல் வேண்டாம்மா, நல்லபடியா முடிச்சிட்டுப் போவோம்" என்றார் மேடையிலிருந்த பெரியவர். குப்பை அள்ளியபோது அவள் நல்ல பிள்ளை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டதும் அடங்காதவள். அவள் செய்தது இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, ஊர் கையெடுத்துக் கும்பிடும் டாக்டரம்மாவாகவே இருந்திருக்கலாம். தேவதாசி முறையை மருந்து கொடுத்து ஒழிக்க முடியாது. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனார், அங்கே வாதாடினார். ஒழிப்புச் சட்டம் வர 1947 ஆயிற்று.

சரி, இன்னொருத்தியின் மகளை இந்தப் பாதையில் போகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கும் நான், நடத்தை விதிகளின்படி எந்தக் கட்சியிலும் சேர முடியாது. முகாமில் கேள்வி கேட்ட அந்த மாணவியின் அம்மா என்னைத் தேடி வந்தார். "மாசம் பொறந்தா உங்களுக்குச் சம்பளம் வந்துரும் டீச்சர். நாளைக்கு இவ பேரு கெட்டா யாரு வந்து நிப்பீங்க?" அவர் பயம் வெறும் பயமில்லை. ஓர் ஆண் மேடையேறினால் அவன் கொள்கையைத் திட்டுவார்கள். பெண் ஏறினால் அவள் உடம்பையும் படுக்கையையும் பேசுவார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணென்றால் சாதியையும் சேர்த்து. வாயை மூடிக்கொண்டாலும் அவளுக்குச் செலவு உண்டு, குடத்தைச் சுமக்கப்போவது அவள்தானே என்று எனக்கு வாதாடத் தெரியும். அது அந்தத் தாயின் கேள்விக்குப் பதிலாகாது. ஊக்கம் கொடுப்பவள் விலையில் ஒரு பங்கை ஏற்க வேண்டும்: வீட்டாரிடம் பேசுவது, வருகைப் பதிவுக்காக வாதாடுவது, வசை வரும்போது பக்கத்தில் நிற்பது. அதற்குத் தயாராக இல்லாதவர்கள் மேடையில் 'இளைஞர்களே வாருங்கள்' என்று அழைப்பதைக் கேட்டால் எனக்குக் கூசுகிறது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் வந்தது 2016இல். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு 2021 தேர்தலில் 234 பேரில் பெண்கள் 12 பேர். ஒதுக்கிய இடத்திலும் நாற்காலியில் மனைவி, பேசுவது கணவர் என்பதை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் நாற்காலிக்கு முன்னால், பேச்சைப் பழக வேண்டியிருக்கிறது. ஊராட்சியில் போட்டியிட 21 வயதாக வேண்டும். கிராம சபைக்கு அதுகூட வேண்டாம். 18 வயதாகி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் அவள் உறுப்பினர். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கல்லூரி விடுமுறை, அவள் ஊரில்தான் இருப்பாள். அந்தக் காலையில் அவள் விடுதித் துணிகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான்.

அந்த அம்மாவிடம் கட்சி, தேர்தல் என்று நான் எதுவும் பேசவில்லை. அக்டோபர் 2 அன்று மகளோடு நீங்களும் போய் உட்காருங்கள், தண்ணீரைப் பற்றி அவள் கேட்கட்டும், நீங்களும் அந்தச் சபையில் உறுப்பினர்தான் என்றேன்.

"நானா?" என்றார். இத்தனை வருஷம் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர் அவர்.