குறியும் நெறியும்

சுங்கை பினாங்கிற்கு வடக்கே, ஜார்ஜ்டவுன் கடலோரத்திலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் 'ஸ்ரீ ரம்பாய்' என்னும் பீரங்கி நிற்கிறது. 1603இல் டச்சுக்காரர் வார்த்தது அது. ஜொகூர் சுல்தானுக்கு அன்பளிப்பாயிற்று. 1613இல் அச்சே வசமானது. 1795இல் சிலாங்கூர் சேர்ந்தது. 1871இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. ஐவர் கை மாறியும், 'யாரைச் சுடுவது, ஏன்?' என்று அது கேட்டதில்லை. கருவிக்குக் குறி உண்டு, நெறி இல்லை. நெறியை மாந்தரே தரல் வேண்டும்.

பழந்துப்பாக்கிகளையும் கையாண்டு குறிபார்த்துச் சுடும் போட்டிகளைத் தொலைக்காட்சியும் காட்டியுள்ளது. 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டாப் ஷாட்' அத்தகையது. மூச்சடக்கிக் கையை நிலைநிறுத்தும் அப்பயிற்சி போற்றத்தக்கதே. ஆயினும், அதே கண்ணும் கையும் பலகையை விட்டு ஓர் உயிரை நோக்கித் திரும்பினால், திறமை ஒன்றே அச்செயலை நற்செயலாக்கிவிடுமா?

வள்ளுவர், படைச்செருக்கு அதிகாரத்தில், முயலை வீழ்த்திய அம்பினும் யானைமீது எறிந்து தப்பிய வேலினையே உயர்த்துகிறார். தப்பாத குறியினும் தகுதியான குறியே பெரிது என்பது அதன் உட்பொருள்.

மக்கட்பேறு வேண்டிய மகளிர் ஸ்ரீ ரம்பாயின் குழல்வாயில் மலரிட்டு வணங்கியதுண்டு. உயிர் பறிக்க வார்த்த ஒன்றிடம் உயிரை வேண்டி நின்றது மனித மனம். பீரங்கி மாறவில்லை; அதை அணுகிய நோக்கமே மாறியது.