ஒன்பதாவது சாட்சி

ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையை நடத்தும் ஹாபிழ், திருமறை முழுவதையும் நெஞ்சில் சுமப்பவர். ஆயினும் அவருக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பது நெடுநாளைய வழக்கம். ஓதுபவர் தடுமாறினால் அவர் எடுத்துக் கொடுப்பார். இது இமாமை ஐயுறுவதா? அன்று, அமானிதத்தின் கனத்தை உணர்ந்த ஏற்பாடு.

நினைவை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்ட இக்காலத்தில் அதே தேவை கணினிக்கும் உண்டு. அதன் நினைவகம் எல்லாவற்றையும் ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளால் எழுதி வைக்கிறது. ‘பிட்’ எனப்படும் அக்குறி, விண்கதிர்களின் தாக்கத்தாலும் பிற காரணங்களாலும் புரண்டுவிடக் கூடும்.

2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்னுமிடத்தில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில், வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் மிகையாக விழுந்திருந்தன. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் தொகை அது. நினைவகத்தில் ஒரேயொரு பிட் தானே புரண்டதுதான் காரணமாகலாம் என ஆய்ந்தோர் கருதினர். பெறவே இயலாத தொகையாக இருந்ததால் பிழை பிடிபட்டது. பதினாறு வாக்குகள் மட்டுமே கூடியிருந்தால் எவர் கண்டிருப்பார்?

பிழை நேர்வதைவிட, நேர்ந்தது தெரியாமலிருப்பதே பெருங்கேடு. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங், பிழையைக் கண்டறியும் இயந்திரம் அதை ஏன் திருத்தவும் கூடாது எனச் சிந்தித்தார். 1950இல் அதற்கான கணித முறையை வெளியிட்டார். அவ்வழியில் வளர்ந்தவையே சர்வர்களில் பொருத்தப்படும் பிழைதிருத்தும் நினைவகங்கள். பல்லாண்டுகளாக வழங்கிவரும் அமைப்பில் 64 பிட் செய்திக்கு 8 பிட் காவல் நிற்கிறது. எட்டுச் சில்லுகளுக்கு ஒன்பதாவது சில்லு சாட்சி. ஒரு பிட் புரண்டால் இடமறிந்து திருத்தும். இரண்டு புரண்டால் திருத்த இயலாது. ஆனால் பிழையை மெய்யென்று கொடுத்துவிடாமல் அறிவித்துவிடும். அறியாததை அறியேன் எனச் சொல்லும் நேர்மை அது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இத்தகைய சர்வர்கள் பலவற்றில், யாரும் கேளாத வேளையிலும் நினைவகம் முழுவதையும் அவ்வப்போது படித்துப் பார்த்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. தனித்து நிற்கும் பிழையோடு இன்னொன்று சேர்ந்துவிட்டால் திருத்தம் கைகூடாது என்பதே காரணம். அன்றாடத் தவ்பாவின் பொருளும் இதுவல்லவா?

இக்காவலுக்குச் செலவு உண்டு. வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் இது இன்றியே விற்கப்படுகின்றன. தன் பொருளைப் பூட்டாமல் வைக்க ஒருவனுக்கு உரிமையுண்டு. பிறர் நம்பி வைத்த பொருளைப் பூட்டாமல் வைக்க உரிமை ஏது? மருத்துவமனையின் குறிப்பையும் வங்கியின் கணக்கையும் காப்பவர் சிந்திக்க வேண்டிய வினா இது.

நமக்கும் அதுவே. பிறர் உரிமையைச் சுமந்து நிற்கையில், ‘எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது’ என்ற உறுதி போதாது. எடுத்துக் கொடுக்க ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதும், அவர் கொடுத்ததை முகம் சுளிக்காமல் ஏற்பதும் அமானிதத்தின் பாதியாகும்.