வேகம் எதைப் பார்க்கிறது?

கரும்புச் சர்க்கரையை நீரில் கரைத்துச் சிறிது அமிலம் சேர்த்தால், அது மெல்ல குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். நிறம் மாறாது, குமிழி எழாது. வெறும் கண்ணுக்கு அந்தப் பாத்திரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஒரே தளத்தில் அதிரும் ஒளிக்கு, அதாவது தளமுனைவுற்ற ஒளிக்கு, அது தெரியும். சர்க்கரைக் கரைசல் அந்த ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். முழுக்கப் பிரிந்த கரைசல் இடப்பக்கம் திருப்பும். இடையில் உள்ள ஒவ்வொரு கோணமும் ஒரு கணக்கு.

*

1850-இல் ஜெர்மனியின் லுட்விக் வில்ஹெல்மி அந்தக் கோணத்தை நேரத்தோடு சேர்த்து அளந்தார். எந்தக் கணத்திலும் வினையின் வேகம், அந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. இதுவரை எவ்வளவு பிரிந்தது என்பதை வேகம் கேட்பதில்லை. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது.

*

மாதாமாதம் மிச்சக் கடனில் பத்தில் ஒரு பங்கு கட்டுகிறவர் போலத்தான் இது. முதலில் பெரிய தொகை, பிறகு சிறியது, பிறகு சில்லறை. பாதி சர்க்கரை தீர ஆன நேரமே, மீதியில் பாதி தீரவும் ஆகும். எவ்வளவில் தொடங்கினாலும் இந்த அரைவாழ்வுக் காலம் மாறாது.

*

செறிவோடு வேகம் மாறுவதற்குக் காரணம் மோதல். ஒரே கொள்ளளவில் மூலக்கூறுகள் கூடினால் அவை ஒன்றையொன்று சந்திப்பதும் கூடும். ஆனால் பெரும்பாலான மோதல்கள் பயனின்றியே முடிகின்றன; போதிய ஆற்றலும் சரியான திசையும் சேர்ந்தால்தான் பிணைப்பு உடையும். செறிவு மோதலின் எண்ணிக்கையைக் கூட்டும். மோதலின் வலிமையைக் கூட்டாது. அது வெப்பத்தின் வேலை.

*

அதே பாத்திரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நீர் இந்த வினையில் செலவாகிறது. ஆனாலும் அது ஏராளமாக இருப்பதால் அதன் செறிவு மாறியதாகவே தெரிவதில்லை. வேகக் கணக்கில் அது தனியே வருவதில்லை. அமிலம் துளியும் செலவாவதில்லை. ஆனால் அதைக் கூட்டினால் வேகம் கூடுகிறது. தீர்ந்துபோவது எது என்பது வேறு, வேகத்தைத் தீர்மானிப்பது எது என்பது வேறு.

*

எல்லா வினைகளும் சர்க்கரையைப் போல நடப்பதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு ஆக்ஸிஜனோடு சேரும் வினையில் நைட்ரிக் ஆக்ஸைடின் செறிவை இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். டைநைட்ரஜன் பென்டாக்ஸைடு சிதையும் சமன்பாட்டில் அதன் முன்னால் 2 என்று எழுதுகிறோம். ஆனால் செறிவை இரட்டித்தால் வேகம் இரண்டு மடங்குதான். உடலில் மதுவின் கதை இன்னும் வேறு. அதைச் சிதைக்கும் நொதிகள் நிரம்பிவிட்டால், இரத்தத்தில் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் கல்லீரலின் வேகம் ஏறக்குறைய அதேதான். இரு மடங்கு குடித்தவருக்கு வேகம் கூடாது, நேரம்தான் நீளும்.

*

எது எதோடு எந்த விகிதத்தில் சேரும் என்பதைச் சமன்பாடு சொல்லும். எவ்வளவு வேகமாக என்பதை அது சொல்லாது. அதை அறிய நல்ல வழி, ஒவ்வொரு பொருளின் செறிவையும் தனித்தனியே மாற்றி, கடிகாரத்தை வைத்து அளந்து பார்ப்பதுதான்.