சதுர அங்குலக் கணக்கு

ஒரு பெண் தன் ஓவியத்துக்கு விலை சொல்லும்போது எதற்கு விலை சொல்கிறாள்? துணிக்கா, வண்ணத்துக்கா, திறமைக்கா, நேரத்துக்கா? இதை வியாபாரக் கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறோம். காசைப் பற்றிப் பேசினால் கலை அழுக்காகிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. பேசுகிறவள் பெண் என்றால் கலையோடு சேர்ந்து அவளும் அழுக்காகிவிடுகிறாள். எனக்கோ இது முழுக்க அறம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது.

சென்னையில் குழுக் கண்காட்சிகளில் படம் வைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. என்னைப் போன்றவர்களுக்கு 'வளரும் ஓவியர்' என்று பெயர். எங்கள் படங்களுக்குப் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில்தான் விலை வைக்கிறார்கள். 24க்கு 36 அங்குலப் படம் என்றால் 864 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 30 ரூபாய் வைத்தால் 25,920 ரூபாய். கேலரி பாதியை எடுத்துக்கொண்டால் என் கைக்கு வருவது 12,960. கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், சட்டம், வண்டிக்கூலி என்று 5,000 போனால் மிச்சம் 7,960. இருபது நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 398 ரூபாய். எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்துக்குச் சித்தாளாக வரும் பெண் இதைவிட அதிகம் வாங்குகிறாள். அவளுக்கும் அது போதுவதில்லை.

சதுர அங்குலம் ஆண், பெண் பார்க்காது, நியாயமான அளவுகோல் என்பார்கள். ஆனால் பெரிய கேன்வாஸ் என்பது பெரிய அறை. பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் வரை யாரும் தொடாத அறை. சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் வரைகிறவள் மாலைக்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும். அவள் படம் சிறியதாகத்தான் இருக்கும். அளவுக்கு ஏற்ற விலை என்கிற கணக்கு, யாரிடம் இடம் இருக்கிறது என்பதையே திரும்ப ஒருமுறை அளந்து, அதற்குக் கலையின் மதிப்பு என்று பெயர் வைக்கிறது.

இந்த நிலையில் 'எவ்வளவு கொடுத்தாலும் சரிங்க' என்று சொல்வது அடக்கமா? அப்படிச் சொல்லத்தான் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். விலை கேட்டவரிடமே விலையை விட்டுவிடுவது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் கணவரின் சம்பளத்தில் வீடு நடக்கும் ஒருத்தி தன் படத்தை 3,000 ரூபாய்க்குக் கொடுக்கும்போது, தூரிகையை மட்டுமே நம்பி வாடகை கட்டும் இன்னொருத்தியின் 12,000 ரூபாய்ப் படம் பேராசையாகிவிடுகிறது. அடக்கத்தின் செலவை அடக்கமானவள் மட்டும் ஏற்பதில்லை. நம் விலையைக் குறைக்க நமக்கு உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமை வெறும் நம்முடையது மட்டும் அல்ல.

வாங்குகிறவர்கள் பக்கம் வருவோம். 'உங்களை மாதிரி இளம் கலைஞர்களை ஆதரிக்கணும்' என்று சொல்லிக்கொண்டே பாதி விலைக்குக் கேட்பவர்கள் உண்டு. ஆதரவு என்ற சொல் அங்கே வந்ததும் வாங்கல் தானமாகிவிடுகிறது. தானம் பெறுகிறவள் பேரம் பேசக் கூடாது. ஒரு படத்தை விரும்பி வாங்கி வீட்டில் மாட்டி இருபது ஆண்டுகள் பார்த்து வாழ்பவர் மீது எனக்கு மரியாதை உண்டு. பின்னால் விலை ஏறும் என்று வாங்கி வைப்பதும் குற்றமில்லை. ஆனால் ஏறிய விலையில் வரைந்தவளுக்குப் பங்கு உண்டா?

உண்டு என்கிறது நம் சட்டம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவின்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், வரைந்தவருக்கோ வாரிசுகளுக்கோ அந்தத் தொகையில் பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது. பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காப்புரிமைக் காலம் முடிந்தால் இந்த உரிமையும் முடிந்துவிடும். அம்ரிதா ஷேர்கில் 1941இல் தன் 28ஆம் வயதில் இறந்தார். 2023இல் அவருடைய 'கதை சொல்பவர்' ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஓவியர் இறந்து அறுபது ஆண்டுகளில் காப்புரிமை தீர்ந்துவிட்டதால், அந்தக் கோடிகளுக்கும் வரைந்த கைக்கும் சட்டப்படி ஒரு தொடர்பும் இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தின்போது இறந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை. பெண் உடலைப் பெண்ணின் கண்ணால் வரைந்தவர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறோம். பெண்களுக்குப் பல சமயம் மதிப்பு வந்து சேரும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன்.

இந்த வாதத்தை நான் கேலரியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. என் படங்களில் இருப்பவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவர் பூக்கட்டி விற்கும் அம்மா. ஆறு மதியங்கள் எனக்காக உட்கார்ந்தார். அந்த நேரத்துக்கான வியாபாரம் போய்விடும் என்பதால் அதற்கு ஈடான கூலி பேசி, அன்றன்றைக்கே கொடுத்தேன். படம் விற்றதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, மூஞ்சி என்னுது. அப்ப அதுல எனக்கு எதுவும் இல்லியா?"

சட்டத்தின் பதில் எளிது. ஆக்கியவள் நான். கூலி பேசியது, கொடுத்தது, கணக்கு முடிந்தது. ஆனால் இதே பதிலைத்தானே படத்தை வாங்கியவரும் எனக்குச் சொல்ல முடியும்? பேசிய விலையைக் கொடுத்தாயிற்று, இனி ஏறுவதெல்லாம் என்னுடையது என்று. அவரிடம் ஏற்காத வாதத்தை அந்த அம்மாவிடம் மட்டும் நான் எப்படிச் சொல்வது?

ஓவிய நண்பர்கள் இதற்கு மறுப்பு சொல்கிறார்கள். மரத்தை வரைந்தால் மரத்துக்குப் பங்கா? சட்டம் அடித்துத் தந்த தச்சருக்கும் பங்கா? மரம் கேள்வி கேட்பதில்லை. தச்சர் தன் பொருளுக்குத் தானே விலை சொல்கிறார், நான் கொடுக்கிறேன். பூக்கட்டும் அம்மாவின் முகத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. அதற்கு விலை உண்டாவதே என் படத்துக்குள் வந்த பிறகுதான். அதில் என் உழைப்பு பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய சுருக்கங்களும், காம்பு கிள்ளும் அந்த விரல்களும் நாற்பது ஆண்டு உழைப்பு செதுக்கியவை. அவை என் கற்பனை அல்ல.

எனவே எனக்குச் சட்டம் தர நினைத்த அதே பத்தில் ஒன்றை, யாரை வரைகிறேனோ அவருக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கூலி தனி, இது தனி. கேலரிப் பங்கு போக என் கைக்கு வருவதில் கணக்கிட்டு, உட்காரும் முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். பூக்கட்டும் அம்மா இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்: "எந்த வீட்டுச் சொவத்துல தொங்கப்போறேன்னு எனக்குச் சொல்லணும்." அதையும் எழுதிக்கொண்டோம். பணத்தைவிட அது பெரிய கோரிக்கை என்று பிறகுதான் புரிந்தது. வாங்குகிறவர் பெயரைக் கேலரிகள் எனக்கே எளிதில் சொல்வதில்லை. இப்போது அவருக்காகக் கேட்க வேண்டியிருப்பதால் எனக்காகவும் கேட்கிறேன்.

இதனால் என் 398 ரூபாய் இன்னும் குறைகிறது. அதைச் சரிசெய்ய வழி படத்தின் விலையை உயர்த்துவதுதான். 'ஏன் இவ்வளவு?' என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கை வரி வரியாகச் சொல்கிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள். வாங்குகிறவர்கள், தாங்கள் ஆதரிக்கவில்லை, கடன் தீர்க்கிறார்கள் என்று தெரிந்தே வாங்குகிறார்கள்.