வீடூர் அணையும் ஒரு மல்லாட்டைப் பருப்பும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே வீடூர் அணை. நிரம்பினால் 32 அடி. 605 மில்லியன் கன அடி. நீர், காற்று, ஒளி எல்லாவற்றையும் நீக்கி, ஓர் அணுகூட இல்லாத வெறும் இடமாக அதை நினைத்துப் பாருங்கள். அப்போதும் அங்கே ஆற்றல் இருக்கும். அண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதை 1998-ல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்து கண்டார்கள். அதற்குக் காரணம் வெற்றிடத்தின் ஆற்றல்தான் என்று கொண்டால், அத்தனை பெரிய அணைக்குள்ளும் இருப்பது ஒரு மல்லாட்டைப் பருப்பை, அதாவது நிலக்கடலைப் பருப்பை, ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கத்தான் போதும். மல்லாட்டையில் டி.எம்.வி. ரகங்களை நாட்டுக்குத் தந்த திண்டிவனத்தில், இதைவிடப் பொருத்தமான எடைக்கல் எனக்குத் தோன்றவில்லை.

குவாண்டம் புலக் கோட்பாடு சொல்வதோ வேறு. எலக்ட்ரானும் ஒளியும் எங்கும் பரவிய புலங்களின் அதிர்வுகள். எந்தப் புலமும் முழுதாக அடங்காது; ஒவ்வோர் அதிர்வுக்கும் குறைந்தபட்ச ஆற்றல் உண்டு. அவற்றைக் கூட்டினால், அளந்ததைப் போல 1-க்குப் பின் 120 பூஜ்ஜியம் போட்ட மடங்கு வருகிறது. தெரியாத எல்லைவரை கணக்கை நீட்டியதால் வந்த வினை என்று தள்ளிவிட முடியாது. ஆய்வகங்களில் சோதித்துப் பார்த்த ஆற்றலோடு நிறுத்தினாலும் 50 பூஜ்ஜியங்களுக்கு மேல் இடிக்கிறது. இதே கோட்பாடுதான் எலக்ட்ரானின் காந்தத் திறனைப் பத்து இலக்கம்வரை பிசகாமல் சொல்கிறது!

இந்த ஆற்றல் மிக அதிகமாக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்கள் திரண்டே இருக்காது, கேட்க நாமும் இருந்திருக்க மாட்டோம் என்றார் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க், 1987-ல். சரிதான். ஆனால் அதில் காரணம் கிடைத்ததாக எனக்குப் படவில்லை.

என் மனம் போவது இயற்பியலாளர் தாணு பத்மநாபன் பக்கம். திருவனந்தபுரத்தில் பிறந்து, புனேயின் ஐயூகா வானியல் மையத்தில் உழைத்து, 2021-ல் மறைந்தவர். அவர் கேள்வியையே திருப்பினார். மற்ற விசைகளுக்கு ஆற்றலின் வேறுபாடு மட்டுமே கணக்கு; ஈர்ப்பு மட்டும் மொத்தத்தையும் எடைபோடுகிறது என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து கொள்கிறோம். அந்த இடத்தில்தான் பிழை என்றார் அவர். ஈர்ப்பின் சமன்பாடுகளை வெப்பவியலின் வழியே வருவித்தால், வெற்றிடத்தின் பேராற்றல் ஈர்ப்பின் கண்ணுக்கே படாது. அப்படியும் மிஞ்சுகிற சிறு அளவுக்குத் தனியே விடை வேண்டும். அண்டத்தில் அடங்கும் தகவலின் அளவிலிருந்து அதை வருவிக்க, மகள் ஹம்சாவுடன் சேர்ந்து 2013-லும் 2017-லும் கட்டுரைகள் எழுதினார்.