படத்தில் ஒன்றுமில்லை

காய்ச்சல் போய் மாதங்கள் ஆகியும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார் ஓர் அம்மா. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. எக்ஸ்ரே சுத்தம். சி.டி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. "படத்துல ஒண்ணும் இல்லம்மா, தைரியமா இருங்க" என்று டாக்டர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். கேட்டவருக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு மூச்சு வாங்குவது நிஜம். படமும் பொய் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பிறகு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

*

2021 கோடையில் நம் ஊர்களில் சி.டி. படம் பார்த்து நுரையீரலுக்கு மதிப்பெண் போட்டார்கள். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. மடலுக்கு ஐந்து வீதம் மொத்தம் 25. "அப்பாவுக்கு இருபத்தஞ்சுக்குப் பதினொண்ணு" என்று போனில் சொல்லிக்கொண்டோம். பரீட்சையில் கூடினால் மகிழ்ச்சி. இதில் குறைந்தால் நிம்மதி.

அந்த மதிப்பெண் அளந்தது என்ன? சி.டி. பார்ப்பது அடர்த்தியை. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்திருக்கும் அளவுகோல் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்குகிறது. அவர் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971இல். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரோ வீக்கமோ தழும்போ இருந்தால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். காற்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் சி.டி. துல்லியமாகப் பதில் சொல்லும். அந்தக் காற்று ரத்தத்தில் போய்ச் சேர்ந்ததா என்று அதனிடம் நாம் கேட்கவே இல்லை.

*

நுரையீரலில் காற்று நுண்ணறைகள் சராசரியாக 48 கோடி. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு அந்தச் சுவரை ஒட்டிக் கடந்துபோக எடுத்துக்கொள்வது சுமார் முக்கால் நொடி. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதற்குத் தேவைப்படுவது கால் நொடி. மீதி அரை நொடி கையிருப்பு.

இதை முதலில் படித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். உடம்பு இவ்வளவு தாராளமாகவா ஏற்பாடு செய்திருக்கிறது! சுவர் கொஞ்சம் தடித்தாலும், உட்கார்ந்திருக்கிற வரை அந்த அரை நொடி ஈடுகட்டிவிடும். படி ஏறும்போது ரத்தம் வேகமெடுக்கும், அவகாசம் குறையும், குறை அப்போதுதான் வெளியே வரும். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த 98, படியில் நடப்பதைச் சொல்லாததற்கு இது ஒரு காரணம்.

*

எம்.ஆர்.ஐ. வழக்கமாகத் தேடுவது நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனை. நுரையீரலில் பெரும்பகுதி காற்று. ஆகவே சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் நெஞ்சின் இருபுறமும் கருப்பாகக் கிடக்கும். அந்தக் கருப்புக்குள் போக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பயன்படுத்தியது செனான்.

1898இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டெடுத்த வாயு அது. நாம் இழுக்கும் காற்றில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆயுள் முழுக்க அது நமக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறது; உடம்பு அதை எதற்கும் எடுத்துக்கொள்வதில்லை. அதன் ஒரு வகையான செனான்-129ஐ ருபிடியம் ஆவியோடு சேர்த்து லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். அணுக்கருக்களின் சுழற்சி ஒரு திசைக்கு ஒழுங்காகும். எம்.ஆர்.ஐ.யில் அதன் சமிக்ஞை பல ஆயிரம் மடங்கு கூடும். இந்த முறையில் முதல் நுரையீரல் படம் 1994இல் வெளிவந்தது. அது ஒரு சுண்டெலியின் நுரையீரல்.

*

சோதனை நடப்பது இப்படி. நெஞ்சைச் சுற்றி ஒரு கம்பிச்சுருளை (காயில்) உடுப்புபோல மாட்டிப் படுக்கவைப்பார்கள். பை ஒன்றில் சுமார் ஒரு லிட்டர் வாயு. மூச்சை விடச் சொல்வார்கள். பிறகு குழாயை வாயில் வைத்துப் பையைக் காலியாக்கி, அப்படியே நிறுத்த வேண்டும். பத்துப் பதினைந்து நொடி. அவ்வளவுதான் நேரம், ஆக்சிஜன் பட்டால் லேசர் கொடுத்த ஒழுங்கு கலைந்துகொண்டே போகும். செனான் மயக்க மருந்தும்கூட என்பதால் சிலருக்கு லேசாகத் தலை கிறுகிறுக்கும். கொஞ்சநேரத்தில் சரியாகிவிடும்.

பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூச்சை மூன்றாகப் பிரித்துப் பழகிய ஊர் நம்முடையது. இங்கே படம் முழுவதும் கும்பகத்தில் எடுக்கப்படுகிறது. மூச்சு நின்றிருக்கும் அந்த நொடிகளில் உள்ளே எதுவும் நிற்பதில்லை. செனான் காற்றறையிலிருந்து சுவரில் கரைகிறது. சுவரைத் தாண்டிச் சிவப்பணுவுக்குள் போகிறது. மூன்று இடத்திலும் அதன் அதிர்வெண் வேறு வேறு. எவ்வளவு சுவரோடு நின்றது, எவ்வளவு ரத்தத்துக்குப் போனது என்று பிரித்துவிடலாம்.

*

2021இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒன்பது கொரோனா நோயாளிகளை ஆக்ஸ்ஃபோர்டில் இப்படிப் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் 36 பேர். அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேராமலே குணமாகி, மூச்சுத்திணறல் மட்டும் போகாதவர்கள். அவர்களுடைய சி.டி. இயல்பாகவோ கிட்டத்தட்ட இயல்பாகவோ இருந்தது. ஆனால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த செனான், ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் குறைவு.

36 பேர் சிறிய எண். அந்தக் குறைவுதான் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் செனானுக்குக் கிடைத்த அனுமதிகூட, நுரையீரலில் காற்று எங்கெல்லாம் பரவுகிறது என்று பார்ப்பதற்குத்தான். ரத்தத்துக்குப் போவதை அளப்பதற்கு அல்ல.

*

செனான் நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரப்போவதில்லை. ஆனால் அது கேட்கும் கேள்வி பழையது. 1915இலேயே டென்மார்க்கில் மேரி குரோக், துளி அளவு கார்பன் மோனாக்சைடை உள்ளிழுக்கவைத்து, ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்தார். அதே சோதனை இன்று டி.எல்.சி.ஓ. என்ற பெயரில் பெரிய மருத்துவமனைகளில் நடக்கிறது. அதிலும் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். எந்த இடத்தில் கோளாறு என்று அது காட்டாது; கோளாறு உண்டா என்று ஓரளவு சொல்லும். ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் அதற்கு வேறு ஸ்கேன்கள் உண்டு.

*

ஒன்று மட்டும் உறுத்துகிறது. புதிய படம் வந்ததும், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது உண்மை" என்று பலருக்கு நிம்மதி வந்திருக்கும். நியாயமான நிம்மதி. அப்படியானால் செனான் படமும் சுத்தமாக வந்த ஒருவரை என்ன சொல்லி அனுப்புவோம்? நுரையீரல் சரியாக இருந்தும் மூச்சு வாங்கலாம். இதயம் தளர்ந்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், படுக்கையில் கிடந்து தொடைத் தசை வற்றியிருக்கலாம். நோயின்போது பழகிப்போன மேலோட்டமான அவசர மூச்சு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் உதவியோடு அதை மாற்றிப் பழகலாம். இவை எதுவும் பாசாங்கு அல்ல. எந்தப் படமும் வருவதற்கு முன்பே மூச்சுத்திணறல் இருந்தது. அந்த 11 பேரை ஆய்வுக்கு அழைத்து வந்ததே அவர்கள் வாயால் சொன்ன குறைதான்.

அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டியது: "இந்தப் படத்துல எது தெரியாது டாக்டர்? அதைப் பார்க்க என்ன செய்யலாம்?" பதில் சிலருக்கு ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை, சிலருக்கு எக்கோ. சிலரை விரலில் ஆக்சிமீட்டரோடு ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொல்வார்கள். 98 என்று ஆரம்பித்தது 95க்கோ அதற்குக் கீழோ இறங்கினால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.