கடலிற் கரைத்த பெருங்காயமா?

ஒரு கைத்தொலைபேசியிலிருந்து ஒரு செயலியை நாம் நீக்கிவிட்டால் உலகப் பெருங் கம்பனிகளுக்கு என்ன குறைந்துவிடப் போகின்றது? இவ்வினாவை எம்மிடம் எழுப்புவோர் பெரும்பாலும் எமது அணியைச் சேர்ந்தவர்களே. உற்பத்தி உறவுகள் மாறாதவரை தனிமனிதனின் பழக்கவழக்கங்கள் மாறி ஆவதொன்றில்லை. அது கடலிற் கரைத்த பெருங்காயம். அதனினும் மோசமாக, தனது மனச்சாட்சிக்குத் தானே சாமரம் வீசிக்கொள்ளும் நடுத்தர வர்க்கத்து வேடிக்கை என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று என்பதே எமது கருத்து.

முதலில் முதலாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். 2024 ஆகஸ்ட் 5 ஆம் திகதி, அமெரிக்கத் தலைநகரில், நீதிபதி அமித் மேத்தா ஒரு தீர்ப்பளித்தார். இணையத் தேடலில் தனக்கிருந்த ஏகபோகத்தைக் கூகிள் சட்டத்துக்கு மாறாகப் பேணிவந்தது என்பது தீர்ப்பு. அவ்வழக்கில் வெளிவந்த கணக்கொன்று சிந்திக்கத்தக்கது. தொலைபேசிகளையும் உலாவிகளையும் திறந்தவுடன் தனது தேடுபொறியே முன்வந்து நிற்கவேண்டும் என்பதற்காக அந்நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் மட்டும் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டொலர்.

எதற்காக இத்தனை பணம்? விரும்பிய எவரும் ஒரு நிமிடத்தில் வேறொரு தேடுபொறியை அமைத்துக்கொள்ளலாம்; தடையெதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவிடமாட்டோம் என்ற நம்பிக்கைக்கே இவ்விலை. எந்த நோயைப் பற்றித் தேடுகின்றோம், எந்தக் கடனைப் பற்றி, எந்த ஊருக்குச் செல்லும் வழியைப் பற்றி என்றெல்லாம் கவனித்து, அக்கவனிப்பை விளம்பரகாரரிடம் காசாக்குவது அந்நிறுவனத்தின் தொழில். சிறு தெரிவு மதிப்பற்றதாயின், ஒவ்வொரு சதத்தையும் எண்ணிப் பார்க்கும் மூலதனம் அது நிகழாதிருப்பதற்காக இவ்வளவு கொட்டிக் கொடுக்குமா? எம்முடைய சின்னஞ்சிறு செயலின் பெறுமதியை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்களே. 2025 செப்டெம்பரில் அதே நீதிபதி, பிறரை அண்டவிடாத ஒப்பந்தங்களைத் தடைசெய்தார்; பணம் கொடுப்பதை முற்றாகத் தடுக்கவில்லை.

ஆனால் சிறு தெரிவின் எல்லையையும் மறைத்தலாகாது. 1791 இல் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதாவைப் பிரித்தானியப் பாராளுமன்றம் தோற்கடித்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேற்கிந்தியத் தீவுகளின் சீனியைத் தேநீரில் இடுவதில்லை என முடிவுசெய்தன. வாக்குரிமை அற்ற பெண்களின் கையில் அன்றிருந்த ஆயுதம் அந்தச் சீனிக்கிண்ணமே. ஆயினும் அவர்களிற் பலர் பதிலாக வாங்கியது கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுவந்த சீனியை! அக்கம்பனியின் குணத்தை எமது வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. இன்றும் அவ்வாறே. கூகிளின் உலாவியை வெறுத்துப் பயர்பொக்ஸை நாடுவோர், பயர்பொக்ஸின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி கூகிளிடமிருந்தே வந்துள்ளதை அறிந்து திகைப்பர். அடிமைமுறையை ஒழித்ததும் தேநீர்க்கிண்ணமன்று; 1831 இல் யமேக்காவில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தனர், 1833 இல் சட்டம் வந்தது. அப்படியாயின் சீனியைத் துறந்தமை வீணா? 1792 இல் அடிமை வாணிபத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் ஐந்நூற்றுக்கும் அதிகம். ஓர் ஊரில் பல வீடுகள் கூடி ஒன்றைத் துறந்த பழக்கம், ஊர் கூடிக் கையொப்பமிடும் துணிவுக்கு ஓரளவேனும் வழிசமைத்திருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இனி, எம்மை உண்மையில் உறுத்தும் இன்னொரு வாதத்துக்கு வருவோம். "என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பவன் பார்க்கட்டும்" என்கிறார்கள். 'என்னிடம்' என்ற சொல்லிலேதான் பிழை இருக்கின்றது. 2018 இல் அம்பலமான கேம்பிறிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில், பேஸ்புக்கில் ஒரு குணவியல்புச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் ஏறக்குறைய 2,70,000 பேர். அவர்கள் வழியாகத் தகவல் பறிபோனவர்களோ 8 கோடியே 70 இலட்சம் பேர்வரை என அந்நிறுவனமே கூறியது. ஒருவர் பொழுதுபோக்காகத் தலையசைத்தார். அவருடைய நட்பு வட்டத்திலிருந்த முந்நூறுக்கும் அதிகமானோர், கேட்கப்படாமலே, விற்பனைப் பண்டமாயினர். அவ்வட்டத்தில் ஒருவரேனும் 'மாட்டேன்' என்றிருந்தால் அவர் காத்தது தன்னை மட்டுமன்று. சம்மதம் என்பது தனிச்சொத்தன்று என்பதைச் சமவுடைமை பேசும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?

இதை எழுதும்போது எம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டியுள்ளது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது இலங்கை ஆசிரியர்கள் வட்சப் குழுக்களை அமைத்துப் பாடம் அனுப்பினர். பிள்ளைகள் அலைவரிசை தேடி மலையேறினர். அன்று வேறு வழியில்லை. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பாடசாலைகள் திறந்தன, குழுக்கள் மட்டும் மூடப்படவில்லை. அறிவித்தல், பரீட்சை அட்டவணை, பிள்ளைகளின் புகைப்படம் யாவும் அதிலேயே. தாய்மாரின் இலக்கங்களை அவர்களைக் கேளாமலே நாம் சேர்த்தோம். செய்திகள் பூட்டப்பட்டிருப்பது உண்மைதான். யார் யாருடன் தொடர்புடையவர் என்ற விபரம் கம்பனிக்குத் தெரியும். குழுவிலுள்ள ஒவ்வொருவரின் இலக்கமும் மற்றெல்லார்க்கும் தெரியும்.

நாம் கற்பிக்கும் பாடசாலையில் சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டமொன்றில் தோட்டத்துத் தாயொருவர் எழுந்து, "சேர், நான் உங்களுக்கு மட்டுந்தான் நம்பர் தந்தேன். டியூட்டரிக்காரர் எப்படி எனக்கு விளம்பரம் அனுப்புகிறார்?" என்று கேட்டார். ஏகபோக மூலதனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசவல்ல எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

அதன்பின் ஆசிரியர் அறையில் கூடிப் பேசினோம். ஒரே ஒருவர் வேறு செயலிக்கு மாறினால் அவர் தம்மோடு தாமே பேசிக்கொண்டிருப்பார். ஆகவே சேர்ந்தே மாறுவதென்றாயிற்று. சிலர், இலாப நோக்கற்ற அமைப்பொன்று நடத்தும் சிக்னல் செயலியை நிறுவினர், சிலர் மறுத்தனர். ஒருவரின் தொலைபேசி மிகப் பழையது, ஏற்கவில்லை. பெற்றோருக்கான அறிவித்தல்கள் மீண்டும் கடதாசியில் பிள்ளைகளின் கையிற் செல்கின்றன. பிள்ளைகளின் படங்களைப் பகிர்வதை நிறுத்தினோம். பழைய குழு இன்னும் அழிக்கப்படவில்லை. அதிலுள்ள நாற்பத்தொரு பெற்றோரையும் தனித்தனியே கேட்டு முடிக்கவேண்டும். இதுவரை பதினேழு பேரிடம் கேட்டுள்ளோம்.